தொட்டிக்காரருக்கு நாற்பத்தொரு நாள் நோய்

தனக்கு நோய் வந்திருக்கும் செய்தியைத் தொட்டிக்காரர் தன் மேலாளரின் வாயால்தான் முதலில் கேட்டார். காலை பத்து மணி. அலுவலக அறைக்குள், இரண்டு கை இடைவெளிக்காகத் தரையில் வரைந்திருந்த மஞ்சள் வட்டம் ஒன்றில் அவர் நின்றுகொண்டிருந்தார். மேலாளர் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், உங்களுக்கு உடம்பு சரியில்ல."

"எனக்கா? நல்லாத்தானே சார் இருக்கேன்."

"நல்லாத்தான் இருக்கீங்க. யாரு இல்லன்னா? பேப்பர்ல மட்டும் இருபது நாளா உடம்பு சரியில்ல. சம்பளத்துல ஒரு குறையும் வராது. எப்பவும்போல வாங்க, எப்பவும்போல போங்க."

அவரை ஆலையில் எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மற்ற டாக்டர்கள் கிருமியைக் கொல்வார்கள், இவர் வளர்ப்பார் என்பது இருபத்திரண்டு வருடப் பழைய கேலி. துணி வெளுக்கும் ஆலை அது. காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, வெளுத்து, அலசிய தண்ணீர் முழுவதும் பின்புறத்துக் கழிவுநீர்த் தொட்டிகளுக்கு வரும். முதல் தொட்டியில் அமிலம் விட்டுக் காரத்தைத் தணிப்பார்கள். பெரிய தொட்டியில் கோடிக்கணக்கான கிருமிகள் அந்தத் தண்ணீரின் அழுக்கைத் தின்னும். அவற்றுக்கு இரவும் பகலும் காற்று ஊத வேண்டும். சூடு கூடினால் கோபம் வரும், காரம் கூடினால் கோபம் வரும். ஆலைக்கு நான்கு நாள் விடுமுறை என்றால் பட்டினி கிடந்து சாகாமல் இருக்கச் சர்க்கரையும் யூரியாவும் கரைத்து ஊற்ற வேண்டும். "மாப்பிள்ளையைக்கூட இப்படித் தாங்க வேண்டியதில்ல" என்பார் தொட்டிக்காரர். நல்ல நாளில் அந்தத் தொட்டி மழை பெய்த மண்ணைப் போல மணக்கும். அந்த மணம் எதிலிருந்து வருகிறது என்று தெரியாமல் அலுவலகத்துப் பெண்கள் அங்கே போய் நின்று மூச்சை ஆழ இழுத்ததும் உண்டு.

ஊரெல்லாம் கிருமிக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்ட அந்த வருடத்தில், கிருமிகளைக் காப்பாற்றச் சம்பளம் வாங்கியவர் அவர் ஒருவர்தான்.

நோய் பரவியதும் மற்ற ஆலைகள் மூடின. இந்த ஆலை முகக்கவசத்துக்கும் கட்டுத்துணிக்கும் துணி வெளுத்ததால் மூடவில்லை. மூன்று மடங்கு ஓடியது. வாசலில் 'உயிர் காக்கும் பணியில்' என்று துணிப்பதாகை கட்டினார்கள். சுத்திகரிப்புப் பகுதியில் மூன்று ஷிப்டுக்கு மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு பேரைத் துணி மடிக்க இழுத்துக்கொண்டார்கள். தொட்டிக்காரர் மட்டும் மிஞ்சினார். அவர் வீட்டுக்குப் போயிருந்த ஒரு மதியம் அமிலம் விட ஆளில்லாமல், காஸ்டிக் அப்படியே பெரிய தொட்டிக்குள் இறங்கியது. திரும்பி வந்து பார்த்தபோது பழுப்பு நுரை வெள்ளையாக மாறியிருந்தது. இரண்டாம் நாள் தொட்டி கறுத்தது. மூன்றாம் நாள் அழுகிய முட்டை நாற்றம். முகக்கவசத்துக்குள்ளே புகுந்த அந்த நாற்றம் வெளியே போக வழியில்லாமல் அவர் மூச்சோடே சுற்றிக்கொண்டிருந்தது.

"ஆறு வாரம் குடுங்க சார், மறுபடி வளர்த்துடுவேன்," என்றார். "அதுவரைக்கும் துணி ஓட்டத்தைப் பாதியா குறைக்கணும்."

மேலாளர் கோபப்படவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சுற்றறிக்கையை எடுத்து நீட்டினார். மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து வந்தது. நோய் காரணமாகக் கழிவுநீரைச் சுத்திகரிக்கவோ, அளவு எடுக்கவோ, அறிக்கை அனுப்பவோ இயலாமற்போனால் நடவடிக்கை எடுக்கப்படமாட்டாது. நோய் எவ்வாறு காரணமாயிற்று என்பதை நிறுவனமே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

தொட்டிக்காரர் அதை இரண்டு முறை படித்தார். தவறான கடிதம் என்று அவருக்குத் தோன்றவில்லை. தொட்டி பார்ப்பவன் காய்ச்சலில் கிடக்கிறான், மாற்று ஆளும் இல்லை என்றால் அவன் மேல் வழக்குப் போடுவது அநியாயம்தான். யாரோ ஒருவர் நல்ல மனதோடுதான் எழுதியிருக்க வேண்டும். ஆனால் படுத்துக் கிடப்பவனுக்கென்று விரித்த பாயில், திடமாக நடந்து வருகிறவன் கால் நீட்டிப் படுத்தால் அதை என்னவென்று சொல்வது? அந்தக் கடிதத்தில் அதற்கு வாக்கியம் இல்லை.

தொட்டிகளைத் தொடாமல் கழிவை நேரே ஆற்றுக்கு விடும் குழாய் ஒன்று உண்டு. எட்டு வருடங்களுக்கு முன் அதிகாரிகள் வந்து அதன் வால்வுக்குக் கம்பி கட்டி ஈய முத்திரை வைத்துவிட்டுப் போனார்கள். சுற்றறிக்கையைக் காட்டிய அன்றே மேலாளர், நோய் காரணம் என்று அந்த அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார், வெட்டுக்கத்திரியால் கம்பியை நறுக்கினார். வால்வைத் திறந்தது தொட்டிக்காரரின் கை. இதைப் பிறகு அவர் யாரிடம் சொன்னாலும் தவிர்க்காமல் சொன்னார்: "சக்கரத்தைத் திருப்பினது நான்தான். யாரும் என் கையைப் பிடிச்சுத் திருப்பல."

அப்படி இருபது நாள் ஓடிய பிறகுதான் கோப்பில் ஒரு குறை கண்டுபிடிக்கப்பட்டது. நோய் காரணம் என்று எழுதியிருக்கிறது, நோயாளியைக் காணோம். துணி மடிக்கப் போன இருவரையும் நோயாளி ஆக்க முடியாது. அவர்கள் பெயர் முகக்கவச உற்பத்திக் கணக்கில் இருந்தது. மிச்சம் தொட்டிக்காரர். வாசல் காவலாளி தினமும் அவர் நெற்றியில் கருவியை நீட்டி, காய்ச்சல் இல்லை என்று ஒரு நோட்டில் எழுதினார். பத்தடி தள்ளி இருந்த அலுவலகத்தில் அதே ஆளைக் காய்ச்சல்காரர் என்று இன்னொரு நோட்டில் எழுதினார்கள். இரண்டு நோட்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை.

வீட்டில் சொல்லலாமா வேண்டாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே செய்தி ஆலைக் குடியிருப்புக்கு வந்துவிட்டது. அலுவலகத்துப் பலகையில் 'விரைவில் நலம்பெற வாழ்த்துகிறோம்' என்று அவர் பெயரைப் போட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஒரு ரொட்டிப் பொட்டலத்தை வாசலில் வைத்துவிட்டு, மணியை அடித்துவிட்டு, ஓடியே போய்விட்டாள்.

"என்னங்க இது?" என்றாள் மனைவி, பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு.

அவர் சொன்னார். அவள் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது.

"உங்களுக்கு வியாதின்னா கூடப் படுக்கிற எனக்கும்தானே வரணும்? என்னை ஏன் அந்த மகராசன் லிஸ்ட்ல சேர்க்கல?"

"நீ தொட்டி பார்க்கலயே."

"உங்களைப் பார்க்கிறேனே, அது போதாதா?" பொட்டலத்தை மேசையில் போட்டாள். "இந்தக் கேவலத்துக்கு நீங்க தலையாட்டிட்டு வந்தீங்க பாருங்க, அதான் எனக்குத் தாங்கல."

"தலையாட்டல. சும்மா நின்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

அந்த வாரமே மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகம் ஆய்வுக்கு வந்தது. நேரில் இல்லை, கைப்பேசியில். ஆய்வாளர் அம்மா தன் வீட்டிலிருந்து வீடியோவில் பார்ப்பார், இங்கே ஒருவர் போனைப் பிடித்துக்கொண்டு நடந்து காட்ட வேண்டும். எந்தத் தொட்டி எங்கே, எந்த மேடையில் கால் வைத்தால் வழுக்கும் என்று தெரிந்தவர் தொட்டிக்காரர் ஒருவர்தான். மேலாளர் போனை அவர் கையிலேயே கொடுத்தார். "உங்க முகம் மட்டும் வராம பார்த்துக்கங்க," என்றார்.

இப்படியாக நோயாளியே ஆய்வை நடத்தி வைத்தார். வால்வு பக்கம் போக வேண்டி வரவில்லை; ஆய்வாளர் கேட்கவில்லை. நாற்றம் போனில் போகாது. கறுத்த தொட்டியைப் பார்த்து, "வெளிச்சம் கொஞ்சம் கம்மியா இருக்கா?" என்றார். மேலாளர் ஆமாம் மேடம் என்றார்.

"யாரு போன் பிடிச்சிருக்கிறது?"

"ஹெல்பர் மேடம்."

"ஆபரேட்டர் எப்படி இருக்கார்?"

"தேறிட்டு வர்றார் மேடம்."

"பாவம். அவசரப்பட வேண்டாம், நல்லா ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க."

அந்தக் குரலில் உண்மையான கனிவு இருந்தது. தொட்டிக்காரர் போனை அடுத்த தொட்டியின் பக்கம் திருப்பினார். வாயைத் திறந்தால் போதும், இரண்டு வார்த்தை. திறக்கவில்லை. தனக்குக் கிடைத்த அனுதாபத்தை அவர் கையில் ஏந்திக்கொண்டு தொட்டியைச் சுற்றி நடந்தார்.

இரண்டு நாள் கழித்துத் தங்கை போன் செய்தாள். ஆற்றோரமாக நான்கு பேருந்து நிறுத்தம் கீழே இருக்கிறாள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தை நோயாளிகளுக்கான விடுதியாக மாற்றியிருந்தார்கள். படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் வேலை அவளுக்கு. தண்ணீர் ஆற்றிலிருந்து மோட்டாரில் ஏறி வரும்.

"அண்ணா, உனக்குத்தான் தண்ணி விஷயம் தெரியும். இங்க தண்ணி வழவழன்னு இருக்கு. கையை எத்தனை தடவை அலசினாலும் சோப்பு போகாத மாதிரியே இருக்கு. விரல் நுனியெல்லாம் தோல் உரியுது. ஒரு நாளைக்குப் பத்து தடவை கை கழுவுன்னு வேற சொல்றாங்க."

வழவழப்பு என்றால் காரம். கேட்ட நொடியில் அவருக்குத் தெரிந்துவிட்டது. இருபத்திரண்டு வருடம் விரலைத் தேய்த்துப் பார்த்தே அளவு சொல்லிப் பழகியவர்.

"சோப்பா இருக்கும்," என்றார். "மாத்திப் பாரு."

"உங்க ஆலையில ஒண்ணும் பிரச்சினை இல்லியே?"

"சோப்பை மாத்திப் பாருன்னு சொல்றேன்ல."

போனை வைத்தார். மேலாளர் சொன்ன பொய்க்கு அவர் சும்மா நின்றார். அதற்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இது அவரே சொன்னது, யாரும் சொல்லச் சொல்லாமலே நாக்கு தானாகச் சொன்னது. ஊரில் யாரும் பார்க்காதபோது ஒருவன் செய்வதுதான் அவன் என்று நினைத்து வந்தவர் அவர். அந்தக் கணக்கில் தான் யார் என்று பார்த்தபோது அவருக்குப் பிடிக்கவில்லை.

நாற்பத்தொன்றாம் நாள், சுற்றறிக்கை கொடுத்திருந்த சலுகைக் காலம் முடிந்தது. இன்னும் ஆறு மாதம் நீட்டிக்க மேலாளர் விண்ணப்பம் தயாரித்தார். அதற்குப் பாதிக்கப்பட்ட பணியாளரின் வாக்குமூலம் வேண்டும். அச்சடித்த ஒரு தாள்: நாற்பத்தொரு நாள் நோயுற்றிருந்தேன், அதனால் தொட்டிகளை இயக்க இயலவில்லை, இன்னமும் முழுமையாகத் தேறவில்லை. கீழே கையெழுத்துக்கு ஒரு கட்டம்.

"இதைப் போட்டுக் குடுத்துட்டா ஆறு மாசம் நிம்மதி," என்றார் மேலாளர்.

"ஆறு மாசத்துல தொட்டியை வளர்த்துடலாம் சார். வேண்டியது ஆறு வாரம்தான்."

"வளர்த்தா அப்புறம் எதுக்கு நீட்டிப்பு? நாளைக்குக் கொண்டு வாங்க. வீடும் ஆலை வீடு, நான் வேற எதையும் சொல்ல வேண்டாம்னு நினைக்கிறேன்."

மறுநாள் காலை அவர் ஆலைக்குப் போகாமல் சைக்கிளில் தங்கையைப் பார்க்கப் போனார். பள்ளிக்கூடத்தின் பின்பக்கம், கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் அவள் வந்து நின்றாள். கையுறையைக் கழற்றிக் காட்டினாள். விரல் நுனிகள் வேகவைத்தது போல வெளிறி, ஓரங்கள் சிவந்து, நகத்தைச் சுற்றி வெடித்திருந்தன.

"எங்க ஆலைத் தண்ணிதான்," என்றார். "நான்தான் திறந்துவிட்டேன். நீ போன் பண்ணின அன்னைக்கே தெரியும் எனக்கு."

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு தொட்டியில் விரிப்புகள் ஊறிக்கொண்டிருந்தன.

"மூணு சோப்பு மாத்தினேன்," என்றாள். "நீ சொன்னேன்னு. இங்க இருக்கிற எல்லார்கிட்டயும் சொன்னேன், எங்க அண்ணன் தண்ணி படிச்சவர், சோப்புதான்னு சொல்றார்னு. டீச்சர் அறையில ஒரு அம்மா படுத்திருக்காங்க, உடம்பெல்லாம் அரிக்குதுன்னு அழறாங்க. அவங்களுக்கும் சோப்பு மாத்திக் குடுத்தேன்."

"தப்புதான்."

"தப்பா? அதை வச்சு நான் என்ன பண்றது? எனக்குச் சொல்லாத. சொல்ல வேண்டிய எடத்துல போய்ச் சொல்லு. இனிமே தண்ணியைப் பத்தி நீ என்ன சொன்னாலும் நான் நம்பப்போறதில்ல." கையுறையைப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திரும்பி வந்ததும் நேரே சமையலறை மேசையில் அந்தத் தாளை விரித்தார். கட்டத்தை வெற்றாக விடுவது அவருக்கு வராத காரியம். தினப்பதிவேட்டில் மோட்டார் ஓடாத நாளுக்குக்கூடச் சுழியம் போட்டு நிரப்பிப் பழகிய கை. சிறிய எழுத்தில், கோணாமல் எழுதினார்: 'மேலே உள்ளது பொய். எனக்கு நோய் இல்லை. தினமும் வேலைக்கு வந்தேன். கழிவுநீர் நேரே ஆற்றுக்குப் போகிறது.' அதன் கீழே பெயரெழுதித் தேதி போட்டார்.

மனைவி எட்டிப் பார்த்துப் படித்தாள். "வீடு போயிடும்," என்றாள்.

"போகும்."

"சரி, குடுத்துட்டு வாங்க."

தாளை மேலாளர் மேசையில் வைத்தார். மேலாளர் படித்தார், கோப்பில் செருகினார். பன்னிரண்டு நாள் யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்தப் பன்னிரண்டு நாளும், வால்வை எப்போது மூடச் சொல்வார்கள் என்று தொட்டிக்காரர் காத்திருந்தார். ஒரு வாளியில் நகராட்சிச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து கிருமிகள் உயிரோடிருக்கும் கசடு வாங்கி வந்து கிருமிகளை வளர்க்கவும் ஆரம்பித்துவிட்டார்.

பதின்மூன்றாம் நாள் ஆணை வந்தது. ஆறு மாத நீட்டிப்பு. 'இணைப்பு மூன்றில் உள்ள பணியாளரின் வாக்குமூலம் பரிசீலிக்கப்பட்டு, நிறைவளிப்பதாகக் காணப்படுகிறது.'

"யாரும் படிக்கலயா சார்?"

"நான் படிச்சேனே." மேலாளர் முகத்தில் பகை இல்லை, ஏறக்குறைய அன்பாகத்தான் பேசினார். "கட்டம் நிரம்பியிருக்கான்னுதான் அங்க பார்ப்பாங்க டாக்டர். ஆயிரம் கோப்பு. நீங்க வெறுமே விட்டிருந்தீங்கன்னா திருப்பி அனுப்பியிருப்பாங்க. ரொம்ப நன்றி."

தொட்டிக்காரர் தொட்டிப் பக்கம் நடந்தார். தன் வாழ்நாளில் எழுதிய ஒரே துணிச்சலான நான்கு வரி, ஆற்றில் விஷம் விட அனுமதி வாங்கிக் கொடுத்திருக்கிறது. பேசாமல் இருந்திருந்தால் அது நின்றிருக்கும். உண்மையைச் சொன்னால் யாராவது கேட்பார்கள் என்று அவர் நம்பியது தவறா, கேட்பவர்கள் இருக்கிறார்களா என்று பார்க்காமலே சொன்னது தவறா? இரண்டாவதுதான் என்று அவருக்குத் தோன்றியது. அதில் கொஞ்சம் பெருமையும் கலந்திருந்தது. எழுதிய எழுத்து அழகாக இருந்ததை அவர் ரசித்திருந்தார்.

அவர் நேரே போய் வால்வை மூடினார். அரை மணி நேரத்தில் கழிவுநீர் போக வழியின்றித் தேங்கி வெளுப்புக் கூடத்துத் தரையில் ஏறியது. மேலாளர் ஓடி வந்தார், பின்னால் துணி மடிக்கப் போன பழைய கூட்டாளி ஒருவர்.

"திறங்க."

"மாட்டேன் சார்."

"எந்தப் பக்கம் திருப்பணும்னு மட்டும் சொல்லுங்க."

அவர் சொல்லவில்லை. கூட்டாளி அவர் முகத்தைப் பார்க்காமல் குனிந்து சக்கரத்தைத் திருப்பினார். மேலாளர் பாக்கெட்டிலிருந்து சிறிய கிருமிநாசினிக் குப்பியை எடுத்துக் கூட்டாளியின் கையில் இரண்டு சொட்டு விட்டார். "நல்லா தேய்ச்சுக்கங்க," என்றார்.

மறுவாரம் வேலைநீக்கக் கடிதத்தோடு அலுவலக எழுத்தர் வீட்டுக்கு வந்தார். நோயின் பின்விளைவுகளால் பணிக்குத் தகுதியற்றவராகிவிட்டார் என்று எழுதியிருந்தது. இவ்வளவு காலச் சேவைக்கு நன்றியும் இருந்தது. எழுத்தர் வாசலுக்கு வெளியே தள்ளி நின்றுகொண்டு தாளை ஒரு கம்பின் நுனியில் செருகி நீட்டினார்.

"படிச்சுப் பார்த்துட்டுக் கீழ கையெழுத்துப் போடுங்க சார்."

தொட்டிக்காரர் படித்தார். தாளை அப்படியே கம்பில் திரும்பச் செருகினார்.

"சார், கட்டம் காலியா இருக்கு."

"இருக்கட்டும்."

"காலியா இருந்தா கோப்பை மூட முடியாது சார். உங்களை அனுப்பவும் முடியாது, வீட்டை எடுக்கவும் முடியாது."

"அப்படியா?"

எழுத்தர் மறுபடி வந்தார், மூன்று நாளில் மூன்று முறை. கடைசி முறை பரிதாபமாகக் கெஞ்சினார். "ஏதாவது எழுதுங்க சார். சம்மதமில்லன்னு எழுதுங்க. மேலாளரைத் திட்டி எழுதணுமா, எழுதுங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். வெறுமே மட்டும் விடாதீங்க."

உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்: "என்னங்க சொல்றார்?"

"திட்டச் சொல்றார்."

"வேண்டாம்," என்றாள். "வாயைத் திறக்காதீங்க."

எழுத்தர் கம்போடு போய்விட்டார். இதனால் ஆற்றுக்கு ஒரு நன்மையும் வந்துவிடவில்லை. வால்வு திறந்துதான் இருக்கிறது, ஆணைப்படி இன்னும் ஐந்து மாதம் இருக்கும். தங்கை போன் எடுப்பதில்லை. தொட்டிக்காரர் இப்போது அந்த நீட்டிப்பு ஆணையின் நகலைக் கேட்டு விண்ணப்பம் போட்டிருக்கிறார், இணைப்பு மூன்றையும் சேர்த்து. அலுவலகமே நிறைவளிப்பதாக ஏற்றுக்கொண்ட அவருடைய நான்கு வரியும் அதில்தான் இருக்கிறது. அந்த விண்ணப்பப் படிவத்தில் இருபத்தாறு கட்டங்கள். ஒவ்வொன்றையும் நிரப்புவதற்கு முன், இதை நிரப்பினால் யாருக்கு உதவும் என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.